பிரயாணம் குறைந்தது, புகை எங்கே போயிற்று?

ஓர் உத்தியோகஸ்தர் காலையில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு காரில் ஏறி, மோட்டார்வேயின் நெரிசலில் ஊர்ந்து, காரியாலயத்தின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்துகிற வரையில் அந்தக் கார் வெளியிடும் புகை யாருடையது என்று கேட்டால், அவருடையதுதான் என்று நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவோம். கார் அவருடையது, பெட்ரோல் அவர் காசில் போட்டது, அந்தப் பிரயாணத்துக்கு எந்த முதலாளியும் சம்பளம் தருவதில்லை. ஆனால் உலகெங்குமுள்ள ஸ்தாபனங்கள் தங்கள் கரியமில வாயுவைக் கணக்கிடப் பின்பற்றுகிற ஜிஎச்ஜி புரோட்டோகால் என்னும் நெறிமுறை 2011-இல் வெளியிட்ட பிரமாணம் வேறுவிதமாகச் சொல்கிறது. ஸ்தாபனம் என்று ஒன்று இருப்பதனாலேயே அந்தப் பிரயாணம் நிகழ்கிறதாகையால், அந்தப் புகை ஸ்தாபனத்தின் கணக்கிலும் ஏற வேண்டும். ஸ்கோப் 3 என்று அழைக்கப்படுகிற மறைமுக உமிழ்வுகளின் 15 வகைகளில் ஏழாவது வகை இதுதான்: ஊழியர் வேலைக்கு வந்து போவது.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கு இனி பெரிய ஸ்தாபனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் கான்பெராப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து மிகப் பெரிய ஸ்தாபனங்களும், 2026 ஜூலையிலிருந்து அவற்றுக்கு அடுத்த படியில் உள்ளவையும், 2027 ஜூலையிலிருந்து மூன்றாம் படியில் உள்ளவையும் வருஷந்தோறும் பருவநிலை அறிக்கை சமர்ப்பிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. இரண்டாவது வருஷத்திலிருந்து ஸ்கோப் 3-இல் முக்கியமானவையும் அதில் இடம்பெற்றாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வது சௌகரியமா சோம்பலா என்று ஐந்தாறு வருஷங்களாக நடந்து வந்த தர்க்கம், இப்படித்தான் கணக்கெழுதுகிறவர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அந்த மேஜைகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் எனக்கு உண்டாகியிருக்கும் அபிப்பிராயத்தை இங்கே சற்று விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். வீட்டிலிருந்து வேலை செய்வது பூமிக்கு நன்மை செய்யக்கூடியது என்பது வாஸ்தவம். ஆயினும் அந்த நன்மை தானாக விளைவதில்லை. ஊழியரை வீட்டுக்கு அனுப்பியதோடு நின்றுவிடுகிற ஸ்தாபனம் புகையைக் குறைத்ததாகாது. புகை எழும் இடத்தைத் தன் கட்டடத்திலிருந்து அவருடைய சமையலறைக்கு மாற்றியதாகவே ஆகும்.

இந்த யோசனையே மிகப் பழையது. பிரயாணத்துக்குப் பதிலாகத் தொலைத்தொடர்பே போதுமே என்ற எண்ணத்தை 1973-இல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு டெலிகம்யூட்டிங் என்று பெயரும் சூட்டியவர் அமெரிக்கரான ஜாக் நில்லஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நெரிசலைக் கண்டு மனம் நொந்து அவர் தொடங்கிய அந்தச் சிந்தனை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே தங்கிக் கிடந்தது. பெருந்தொற்று வந்தபோது, அதைச் செயலில் கொண்டுவர யாரையும் வற்புறுத்த வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. சிட்னியும் மெல்போர்னும் ஊரடங்கில் இருந்த 2021 ஆகஸ்ட் மாத ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், வேலை செய்கிறவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அன்று வீட்டிலிருந்தே வேலை செய்ததாக எழுதினார்கள். நோய் தணிந்த பிறகும் வழக்கம் தணியவில்லை; 2024 ஆகஸ்டில் புள்ளிவிவரத் துறை விசாரித்தபோது, வழக்கமாக வீட்டிலிருந்தும் வேலை செய்வோர் நூற்றுக்கு 36 பேர்.

இனி கணக்குக்கு வருகிறேன். சற்றுப் பொறுமையோடு என்னுடன் வர வேண்டும், ஏனெனில் விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

சிட்னியின் வடமேற்கில் மார்ஸ்டன் பார்க் போன்ற புதுக் குடியிருப்புகளில் நம்மவர் பலர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ரயில் நிலையம் கிடையாது. அங்கிருந்து ஒருவர் நாற்பது கிலோமீட்டர் காரில் போய், அதே நாற்பது கிலோமீட்டர் திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் சராசரிக் கார் நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் எரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே அவர் ஒரு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டால் மிச்சமாவது ஏறத்தாழ 20 கிலோ. இது அற்பமான மிச்சமன்று.

இப்போது மெல்போர்னுக்கு வாருங்கள். என் அக்காவின் கணவர் கிளென் வேவர்லியில் இருக்கிறார். நூலிழை போன்ற சந்துகளிலெல்லாம் காற்றுப் புகுகிற பழைய செங்கல் வீடு. தரைக்கடியில் குழாய் பதித்து வீடு முழுவதையும் எரிவாயுவால் சூடாக்குகிற டக்டட் ஹீட்டிங். இந்தத் தேசத்தில் வீட்டின் வெப்பத் தரத்தை அளக்கும் பத்து நட்சத்திர அளவுகோலில் இத்தகைய பழைய வீடுகள் இரண்டு நட்சத்திரத்தைத் தொடுவதே அரிது. ஜூலை மாசத்தில் அவர் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாளில் அந்த ஹீட்டர் காலை முதல் மாலை வரை விட்டுவிட்டு ஓடி 300 மெகாஜூல் எரிவாயுவைத் தின்றுவிட்டால் (விக்டோரியாவில் காஸ் பில் மெகாஜூலில்தான் வரும், தேடிப் பாருங்கள்) அதிலிருந்து எழும் வாயு 15 கிலோவுக்கு மேல். அத்தானோ காரியாலயத்துக்குப் போவது காரில் அல்ல, ரயிலில். அவர் வராததற்காக அந்த ரயில் ஓடாமல் நின்றுவிடப் போவதில்லை. ஆகவே அன்றைய தினம் அவர் வீட்டில் இருந்ததனால் பூமிக்கு லாபம் ஒன்றுமில்லை, நஷ்டமே. ஒரு நாள் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "மாப்ளே, ஆபீஸுக்குப் போனா அவங்க ஹீட்டர், வீட்டுல இருந்தா என் ஹீட்டர், அவ்வளவுதானே விஷயம்?" என்றார். பல அறிக்கைகளில் நான் காணாத தெளிவு அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

சர்வதேச எரிசக்தி முகமையும் 2020-இல் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிற்று. காரில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் வீட்டில் இருந்தால் கரியமில வாயு குறையும். அதற்கும் குறைந்த தூரம் காரில் போகிறவரும், பொதுப் போக்குவரத்தில் போகிறவரும் வீட்டில் இருந்தால் அது கூடவும் கூடும்.

ஆனால் ஸ்தாபனத்தின் ஏழாவது வகைக் கணக்கில் இது எப்படிப் பதிவாகும் என்று பாருங்கள். மார்ஸ்டன் பார்க்காரரின் 20 கிலோவும் குறையும். கிளென் வேவர்லிக்காரரின் ரயில் பிரயாணமும் குறையும். கிளென் வேவர்லியில் எரிந்த எரிவாயு மட்டும் எங்கும் தென்படாது. ஏனென்றால், வீட்டில் வேலை செய்வதால் உண்டாகும் உமிழ்வைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த நெறிமுறை அனுமதிக்கிறதே தவிர, சேர்த்தே ஆக வேண்டுமென்று நிர்ப்பந்திக்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் ஊழியருக்கு அனுப்பப்பட்ட வினாப்பட்டியலில் எந்த வாகனம், எத்தனை கிலோமீட்டர், வாரத்தில் எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். வீட்டை எதைக் கொண்டு சூடாக்குகிறீர்கள் என்ற கேள்வி இல்லை. கணக்கிட வழியே இல்லையென்று சொல்லவும் இடமில்லை. கரியச் சமநிலை கோரும் ஸ்தாபனங்களுக்கு அத்தாட்சி வழங்கும் அரசின் கிளைமேட் ஆக்டிவ் திட்டம், வீட்டு வேலையின் உமிழ்வைக் கணக்கிடவென்றே ஒரு கருவியை வெளியிட்டிருக்கிறது.

செலவு என்ற கண்ணால் பார்த்தாலும் நிலைமை இதுவே. வருமான வரித் துறை, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 70 சதம் கழித்துக்கொள்ள 2024-25 முதல் அனுமதிக்கிறது. மின்சாரம், எரிவாயு, இண்டர்நெட், தொலைபேசி, காகிதம் எல்லாம் அதில் அடக்கம். அதாவது செலவில் ஒரு பகுதியைப் பொது கஜானா ஏற்கிறது, மிச்சத்தை ஊழியர் ஏற்கிறார். தன் மின்கட்டணம் குறைந்த ஸ்தாபனத்தின் பங்கு இதில் எங்கே என்று நான் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

அத்தானின் அதே மெல்போர்ன் வீட்டில் ஓர் அறையை மாத்திரம் ரிவர்ஸ் சைக்கிள் ஏசியால் சூடாக்கினால் நாள் முழுவதற்கும் ஐந்து யூனிட் மின்சாரம் போதும். பழுப்பு நிலக்கரியை இன்னும் நம்பியிருக்கும் விக்டோரிய மின்சாரத்திலேயேகூட அது நான்கு கிலோவுக்குள் அடங்கும். கூரையில் சோலார் தகடு இருந்து, வெயிலும் அடித்தால் கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை. 300 மெகாஜூலுக்கும் ஐந்து யூனிட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம், வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா கெட்டதா என்ற வாதத்தைவிட எவ்வளவோ பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது. நடுப்பகலில் அந்த மின்சாரம் வாங்குவாரின்றி மிஞ்சுகிறது. 2026 ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸ் உள்ளிட்ட சில பகுதிகளில் நடுப்பகல் மூன்று மணி நேரம் மின்சாரத்தை இலவசமாகவே கொடுக்கும் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்ததும் அந்த மிகுதியினால்தான். பகலில் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தால், அந்த மிகுதிக்கு ஓர் உபயோகம் பிறக்கிறது. மேற்குச் சிட்னியில் இதன் அருமை கோடையில் தெரியும்; 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்ததை அங்கே வசிக்கிறவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குக் கூரையும் சொந்தமில்லை, ஹீட்டரை மாற்றும் அதிகாரமும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர் நிறைந்த ஒரு ஸ்தாபனம் தன் பருவநிலைப் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஊழியரின் எரிவாயு ஹீட்டரை மாற்றுவதற்கு உதவியாகக் கொடுத்தால், எங்கோ மரம் நட்டதாகச் சீட்டு வாங்குவதைவிட அது எத்தனையோ மடங்கு நிச்சயமான பலனைத் தரும் என்பது என் திடமான நம்பிக்கை.

நாணயத்தின் மறுபக்கம் காரியாலயம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனமும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, முழுக்க முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் கரியத் தடம், நாள்தோறும் காரியாலயம் போகிறவருடையதைவிட 54 சதவீதம் வரை குறையலாம் என்றது. வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள் வீட்டில் இருந்தால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2 சதவீதம். ஐந்தில் ஒரு நாள் பிரயாணம் மிச்சமானால் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டாமா என்று யாருக்கும் தோன்றும். குறையாததற்குக் காரணம், அந்த ஒரு நாளிலும் காரியாலயத்தின் விளக்கும் குளிர்சாதனமும் லிஃப்டும் அவருக்காகக் காத்துக்கொண்டிருப்பதுதான். நூறு பேர் அமரக்கூடிய தளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதே காற்றைத்தான் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, வீட்டில் இருக்கும் நாளில் வேறு காரியங்களுக்காகக் காரை எடுப்பதும் கூடிவிடுகிறது.

சிட்னியின் வெள்ளிக்கிழமை இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. ஜனங்கள் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாட்களில் கூடிக் குவிந்து, திங்களும் வெள்ளியும் ரயில்கள் காற்றாடப் போகத் தொடங்கியதால், 2023 அக்டோபரிலிருந்து வெள்ளிக்கிழமைக்கும் வார இறுதியைப் போலவே ஓப்பல் அட்டைப் பயணக் கட்டணத்தில் 30 சதவீதம் சலுகை கொடுத்துவிட்டார்கள். காரியாலயங்களின் கதையும் அதுவே. மூன்று நாள் கூட்டத்துக்காக ஐந்து நாள் இடத்தை வைத்துக்கொள்வதில் சிக்கனம் எங்கே வரும்? எல்லோரும் ஒரே நாளில் வருவதைத் தவிர்த்து, தளங்களைக் குறைத்து, வெள்ளிக்கிழமையில் சில மாடிகளையேனும் முற்றாக மூடி வைத்தால்தான் அந்த 2 சதவீதம் இருபதாக வளரும். இந்தச் சிக்கனத்தை அளக்க வழியும் உண்டு. நேபர்ஸ் என்று இந்தத் தேசத்தில் கட்டடங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் முறை 1998-இலேயே நியூ சவுத் வேல்ஸில் தோன்றியது. வரைபடத்தில் இருக்கும் வாக்குறுதியை அது ஏற்பதில்லை, பன்னிரண்டு மாசம் உண்மையில் எரிந்த எரிசக்தியையே அளக்கிறது. மெல்போர்னில் லிட்டில் காலின்ஸ் வீதியில் 2006-இல் மாநகராட்சி எழுப்பிய கவுன்சில் ஹவுஸ் 2 முதலாகப் பசுமைக் கட்டடங்களுக்கு அங்கே குறைவில்லை. அதே மெல்போர்ன் நகர மையத்தில் 2025-இல் காரியாலய இடத்தில் சுமார் 18 சதவீதம் வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தது. எவ்வளவு பசுமையான கட்டடமானாலும், காலியாய்க் கிடந்தால் அதன் கான்கிரீட்டும் எஃகும் செய்யப்பட்டபோது எழுந்த புகைக்குப் பிரயோஜனம் ஏது?

அட்லாஸியன் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2002-இல் மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபார்க்வாரும் சிட்னியில் தொடங்கிய அந்த மென்பொருள் ஸ்தாபனம், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற கொள்கையைப் பெருந்தொற்றின் முதல் வருஷத்திலேயே ஏற்று, மற்றவர்கள் பின்வாங்கிய பிறகும் விடாமல் காத்து வருகிறது. அதே வேளையில் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே மரமும் எஃகும் கலந்த மாபெரும் கோபுரம் ஒன்றையும் எழுப்புகிறது. இவ்விரண்டுக்கும் முரண்பாடு உண்டென்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. தூரத்தில் இருப்பவர்களும் அவ்வப்போது கூடத்தான் வேண்டும். கூடுகிற இடம் ரயிலடியில் இருப்பது நல்லதே. நான் கவலைப்படுவது விமானத்தைப் பற்றி. பெர்த்திலும் பெங்களூரிலும் இருக்கும் குழுவினர் வருஷத்தில் சில தடவை ஒரே ஊரில் சந்திக்கப் பறந்து வந்தால், அது ஏழாவது வகையில் தெரியாமல், வர்த்தகப் பிரயாணம் என்ற ஆறாவது வகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவருக்கு உண்மை புலப்படாது.

இதுவரை வாயுவையும் யூனிட்டையுமே பேசினேன். ஆனால் ஒரு ஸ்தாபனம் நிலைத்து நிற்பது அதன் மனிதர்களால். சீனாவின் டிரிப்.காம் ஸ்தாபனத்தில் 1,600-க்கு மேற்பட்டோரை வைத்து நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் நடத்தி 2024-இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட பரிசோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையின் தரமோ பதவி உயர்வோ சிறிதும் பாதிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியச் சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. குழந்தை வளர்ப்போர், முதியோரைப் பராமரிப்போர், உடற்குறை உள்ளோர், 55 வயதை எட்டியோர் முதலானவர்கள் வேலை முறையில் நெகிழ்வு கேட்கலாம் என்பது 2009-ஆம் வருஷத்து ஃபேர் வொர்க் சட்டத்தில் முன்பிருந்தே உண்டு. முதலாளி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆனால் மறுத்துவிட்டால் பெரும்பாலும் கேட்பாரில்லை. 2023 ஜூன் முதல்தான் அந்த மறுப்பை ஃபேர் வொர்க் கமிஷன் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரத்தின் வலிமை 2025 அக்டோபரில் தெரிந்தது: சிட்னிக்குத் தெற்கே வெகு தூரத்தில் வசிக்கும், வெஸ்ட்பேக் வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் ஊழியம் புரிந்த, பள்ளி செல்லும் இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கமிஷன் உத்தரவிட்டது. வாரம் இரண்டு நாள் காரியாலயம் வர வேண்டும் என்ற பொதுவிதி, அவருடைய கோரிக்கையை மறுக்கப் போதுமான காரணமாகாது என்பது அதன் முடிவு. அவ்வளவு கால அனுபவமுள்ள ஒருவரை, குழந்தைகளைப் பள்ளியில் விடும் நேரத்துக்காக இழந்துவிடுவது எந்த ஸ்தாபனத்துக்கு க்ஷேமம்?

அரசியலிலும் இந்த இழுபறி தெரிந்தது. அரசு ஊழியர்கள் முக்கியமாகக் காரியாலயத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு 2024 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. மத்திய அரசு ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் திரும்ப அழைப்போம் என்று 2025 தேர்தலுக்கு முன் சொன்ன பீட்டர் டட்டனின் கூட்டணி, எதிர்ப்பைக் கண்டு ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டது. விக்டோரிய முதல்வர் ஜசிந்தா ஆலனோ அவ்வாண்டு ஆகஸ்டில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதைச் சட்ட உரிமையாக்குவதாக வாக்களித்தார்.

இந்த உரிமை எல்லோருக்கும் எட்டுவதன்று என்பதையும் மறக்கலாகாது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியின் தாதிக்கும், டான்டெனாங் தொழிற்சாலையில் நிற்கிறவருக்கும், முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கும் வீட்டிலிருந்து செய்ய வேலையில்லை. இந்த வேலைகளில் நம் ஜனங்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். காரியாலயக்காரர் வீட்டில் இருப்பதால் சாலையில் நெரிசல் குறைந்தால் அவர்களுக்குச் சிறிது லாபம். கூட்டமில்லை என்று சொல்லி விடியற்காலை பஸ்ஸைக் குறைத்துவிட்டால் அவர்களுக்குத்தான் முழு நஷ்டமும். தன் ஊழியரில் எந்தப் பிரிவினருக்கு இந்தச் சௌகரியம் உண்டு, எவருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே ஒரு ஸ்தாபனம் தன் அறிக்கையில் எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வீடு, காரியாலயம் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் கண்ணால் காண எங்கள் ஊர்ப்பக்கம் போனால் போதும். ஸோஹோ ஸ்தாபனம் 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஒரு காரியாலயம் திறந்தது. அதன் கர்த்தாவான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தாமே அங்கே குடிபோனார். குற்றாலச் சாரலுக்குப் பக்கத்திலேயே உத்தியோகம் கிடைத்தால் ஊர்ப் பிள்ளை சென்னைக்கு வீடு மாற்ற வேண்டாம். அதே சமயம் தனியாக வீட்டில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். ஓர் அறைக்கு ஒரு ஏசி என்றில்லாமல் பலர் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். பிரயாணமோ பேருந்துத் தூரம்.

மேற்குச் சிட்னியில் அந்த இடம் பரமட்டாவாக இருக்கலாம். அரசுத் திட்டத் துறையும் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியும் 2020 வாக்கில் பரமட்டா ஸ்குவேருக்கு ஆயிரக்கணக்கான ஊழியரோடு குடிபெயர்ந்தன. ஆனாலும் அந்நகரில் காலித் தளங்கள் ஏராளம். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் முதலிய குடியிருப்புகளெல்லாம் அதற்கு ரயிலில் சில நிமிஷ தூரம். ஒவ்வொரு ஸ்தாபனமும் தனித்தனியே அங்கே கிளை திறப்பது சாத்தியமில்லையென்றால், நான்கைந்து ஸ்தாபனங்கள் ஒரு தளத்தை எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். நகர மையத்தில் விடுகிற ஒரு மாடியின் வாடகையில் அது அடங்கிவிடும் என்பது என் உத்தேசம். தகவல் பாதுகாப்பு, காப்புறுதி, மேலாளரின் மேற்பார்வை என்று தடைகள் சொல்வார்கள்; அவற்றைத் தீர்க்க முடியாதவை என்று நான் கருதவில்லை. எங்கள் நிர்வாகத்துக்கு இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஸ்தாபனத்தில் எவரேனும் இப்படி ஓர் ஏற்பாட்டை முயன்று பார்த்திருந்தால், அது எந்த இடத்தில் தடைப்பட்டது, யார் செலவை ஏற்றார்கள் என்ற விவரங்களை எழுதியனுப்புங்கள், குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.